வோக்ஸ்வாகன் டி2 கேம்பர்: என்ஜினுக்கு முன்னால் தகரத்தைப் பாருங்கள்

பழைய டி2 கேம்பரை வாங்கப் போகிறவர்கள் நேராகப் பின்பக்கம் போய் என்ஜின் மூடியைத் திறந்து, "ஸ்டார்ட் பண்ணுங்க, சத்தத்தைக் கேட்போம்" என்பார்கள். கேட்பதில் தப்பில்லை. ஆனால் இந்த வண்டியில் பணம் கரையும் இடம் வேறு. 1600 சிசி என்ஜினைக் கியர்பாக்ஸோடு பிணைக்கும் நான்கு போல்ட்டையும், பின்பக்கம் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தையும் கழற்றினால், ஒரு டிராலி ஜாக்கை வைத்து இரண்டு பேர் அரை நாளில் கீழே இறக்கிவிடலாம். பிஸ்டன், சிலிண்டர், ஹெட், கார்புரேட்டர் எல்லாமே இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. துருப்பிடித்த பாடிக்கு அப்படி ஒரு குறுக்கு வழி கிடையாது. கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் சட்டம் இரண்டு பக்கமும் அரித்துப்போயிருந்தால், முறையாக வெட்டி வெல்டிங் வைத்துப் பெயிண்ட் அடித்து முடிப்பதற்குள் ஒரு என்ஜின் ஓவர்ஹாலுக்கு ஆகும் செலவைத் தொட்டுவிடும். ஆகவே இந்த விமர்சனமும் தகரத்திலிருந்தே தொடங்குகிறது.

எந்த வண்டி என்பதை முதலில் தெளிவாக்கிவிடலாம். 1967 ஆகஸ்டிலிருந்து 1979 வரை ஜெர்மனியின் ஹனோவர் ஆலையில் தயாரான இரண்டாம் தலைமுறை வேன் இது. முன்பக்கம் பிளவில்லாமல் ஒரே வளைந்த கண்ணாடி இருப்பதால் 'பே விண்டோ' என்பார்கள். பிரேசிலில் இதே உடல் 2013 டிசம்பர் வரை உற்பத்தியில் இருந்தது. அங்கே 2005 கடைசியிலிருந்து தண்ணீரால் குளிரும் என்ஜின். கேம்பராக மாற்றியவர்களில் முதலிடம் ரேடா-வீடன்புரூக் நகரத்து வெஸ்ட்ஃபாலியாவுக்கு. பிரிட்டனில் டெவன், டோர்மொபைல், டான்பரி என்று பலர். 1972 ஆகஸ்டுக்கு முந்தைய வண்டிகளில் முன் இண்டிகேட்டர் பம்பருக்குச் சற்று மேலே இருக்கும். அதற்குப் பிந்தையவற்றில் ஹெட்லைட்டுக்கு மேலே, காற்று உள்ளே வரும் சல்லடையின் இருபுறமும் ஏறிவிடும். 1971 ஆகஸ்டிலிருந்து 1700, பிறகு 1800, 2000 சிசி என்ஜின்களும் வந்தன. இங்கே சொல்லும் என்ஜின் அளவுகள் அனைத்தும் 1600 சிசிக்கு உரியவை. பெரிய என்ஜின்களுக்கு இவற்றை அப்படியே பயன்படுத்த வேண்டாம்.

துரு

பார்க்கப் போகும்போது மூன்று சாமான் போதும்: டார்ச், பழைய ஸ்க்ரூடிரைவர், மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தம். காந்தம் ஒட்டாத இடத்தில் பெயிண்டுக்கு அடியில் பட்டிதான் இருக்கிறது. பின்சக்கர வளைவின் விளிம்பு, முன்சக்கர வளைவின் பின்பாதி, நான்கு மூலைகள், சறுக்குக் கதவின் அடிவிளிம்பு ஆகிய இடங்களில் கையகலத்துக்கு ஒருமுறை வைத்துப் பாருங்கள். பளபளவென்ற புதுப் பெயிண்டுக்கு மயங்காதீர்கள். மங்கிய பழைய பெயிண்டும் கண்ணுக்குத் தெரியும் துருவும் உள்ள வண்டி, பட்டி பார்த்துப் பளிச்சென்று நிற்கும் வண்டியைவிட நம்பகமானது, ஏனென்றால் அதில் குறை வெளியே தெரிகிறது.

அடுத்து முன் கண்ணாடியின் கீழ் மூலைகள். பழைய ரப்பர் இறுகி வெடித்ததும் மழைநீர் உள்ளே இறங்கி ரப்பருக்கு அடியில் தேங்கும். ரப்பரின் ஓரத்தில் பெயிண்ட் கொப்புளம் போட்டிருந்தால் உள்ளே ஓட்டை விழுந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பலர் மேலோட்டமாக சிலிகான் பூசிவிடுவார்கள். அது தண்ணீரைத் தடுப்பதைவிட உள்ளே போன தண்ணீரைச் சிறைப்பிடிப்பதுதான் அதிகம். கண்ணாடியைக் கழற்றி, அரித்த பகுதியை வெட்டிப் புதுத் தகரம் வைத்து, எபாக்ஸி பிரைமர் அடித்து, புது ரப்பரோடு கண்ணாடியை ஏற்றுவதே வைத்தியம். கூரையைச் சுற்றி ஓடும் மழைநீர்க் கால்வாய்க்கும் இதே கதைதான். அதில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் பக்கச் சுவருக்குள் வழிந்து சில் வரை போகும். கீழே அரிப்பதற்கான காரணம் சில சமயம் மேலே இருக்கிறது.

சில் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது ஒரே தகடு கிடையாது: உள்தகடு, நடுத்தகடு, வெளித்தகடு என்று மூன்று சேர்ந்த பெட்டி. தண்ணீரும் மண்ணும் உள்ளே தங்குவதால் உள்ளிருந்து வெளியே அரிக்கிறது. வெளித்தகட்டில் ஓட்டை தெரியும்போது உள்ளே பெரும்பாலும் பாதி காலி. மலிவாக முடிக்க நினைப்பவர்கள் அரித்த சில்லின் மேலேயே புது வெளித்தகட்டை வைத்துப் பற்றவைத்துவிடுவார்கள். பார்வைக்குக் கச்சிதமாக இருக்கும், பலம் மட்டும் இருக்காது. பழைய துரு புதுத் தகட்டையும் தின்னத் தொடங்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஜாக் வைக்கும் இடத்தில் ஜாக்கை வைத்து அந்தப் பக்கத்தை மெதுவாகத் தூக்குங்கள், முன்கதவைத் திறந்து மூடுங்கள். தரையில் நிற்கும்போது லேசாக மூடிய கதவு இப்போது இடித்தாலோ, கதவைச் சுற்றியுள்ள இடைவெளி ஒரு பக்கம் குறுகினாலோ, அந்த உடம்பில் வலுவில்லை. தூக்கும்போது 'நறுக்' என்று சத்தம் கேட்டால் உடனே இறக்கிவிடுங்கள்.

மாற்றும்போது வரிசை முக்கியம். முதலில் கதவுத் திறப்புகளுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துத் தற்காலிகமாகப் பற்றவைத்து இறுக்குங்கள். இல்லாவிட்டால் சில்லை வெட்டியதும் உடம்பு வாழைத்தண்டு போல வளையும், பிறகு கதவுகள் ஒருநாளும் சரியாகப் பொருந்தாது. முழு நீளத்தையும் ஒரேயடியாக வெட்டாமல் துண்டு துண்டாக எடுங்கள். சேசிஸிலிருந்து சில்லுக்கு வரும் குறுக்குக் கைகளும் ஜாக் பாயிண்டும் முதலில், பிறகு உள்தகடு, நடுத்தகடு, கடைசியில் வெளித்தகடு. இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் இடமெல்லாம் வெல்டிங்குக்கு முன்பே துத்தநாக பிரைமர் அடிக்க வேண்டும். மூடிய பிறகு அங்கே தூரிகை நுழையாது. பெயிண்ட் காய்ந்ததும் நீண்ட குழாய் பொருத்திய ஸ்ப்ரேயால் பெட்டிக்குள் மெழுகு அடியுங்கள். அடித்த மறுநாள் ஒரு கம்பியை விட்டு, அடியில் உள்ள வடிகால் துளைகள் அடைபடவில்லை என்று பாருங்கள். இந்தத் துளைகளை அடைத்துவிட்டு மெழுகு அடித்த வண்டிகள் அடிக்காதவற்றைவிட வேகமாக அழுகும்.

என்ஜின் அறைக்குள் பேட்டரி உட்காரும் தட்டை மறக்காதீர்கள். ஆசிட் சிந்திச் சிந்தி அங்கே ஓட்டை விழும். பேட்டரியைத் தூக்கிப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் பேரம் பேசுவதே வீண்.

காற்றுதான் ரேடியேட்டர்

1600 சிசி என்ஜினுக்கு 1970 ஆகஸ்டிலிருந்து 50 குதிரைத்திறன். சமவெளியில் மணிக்கு 90 கிமீ நிம்மதியான வேகம். அதற்கு மேல் நெடுநேரம் விரட்டினால் சூடு ஏறும். நூறு கிலோமீட்டருக்குச் சுமார் 12 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். இதை ஏற்றுக்கொள்ள முடியாதவர்களுக்கு இந்த வண்டி ஒத்துவராது. ஏற்றுக்கொண்டவர்களுக்கு இதைப்போல எளிமையான, கைக்கு அடங்கும் என்ஜின் வேறு இல்லை.

இந்த என்ஜின் தண்ணீரால் அல்ல, காற்றால் குளிர்கிறது. டைனமோவின் மறுமுனையில் உள்ள விசிறி காற்றை இழுத்துத் தகரக் கூண்டுக்குள் தள்ளுகிறது. கூண்டு அந்தக் காற்றை சிலிண்டர், ஹெட், ஆயில் கூலர் மேல் ஓட்டிக் கீழே வெளியேற்றுகிறது. என்ஜினைச் சுற்றியுள்ள தகரங்களும், அந்தத் தகரத்துக்கும் பாடிக்கும் நடுவே உள்ள ரப்பர் பட்டையும் மேலே குளிர்ந்த காற்றையும் கீழே சூடான காற்றையும் பிரிக்கின்றன. அந்தப் பட்டை கிழிந்திருந்தால், ஒரு தகரம் விட்டுப்போயிருந்தால், பிளக் ஒயரின் ரப்பர் மூடி உட்காராமல் துளை திறந்திருந்தால், வெளியேற வேண்டிய சூடான காற்றையே விசிறி மறுபடி உறிஞ்சும். இந்த என்ஜின்கள் 'ஓவர்ஹீட்' ஆகின்றன என்ற பேச்சில் பெரும்பகுதி இந்த ஓட்டைகளால் வந்ததுதான். பார்க்கப் போன வண்டியில் என்ஜின் மூடியைத் திறந்ததும் பிளக் இருக்கும் பகுதியில் தரை தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். தெரிந்தால் அந்த என்ஜின் வெந்து வந்திருக்கிறது என்று பொருள்.

கூண்டுக்குள் காற்றைக் கட்டுப்படுத்தும் மடல்களையும், சிலிண்டர்களுக்கு அடியில் உள்ள தெர்மோஸ்டாட்டையும் பலர் கழற்றி எறிந்திருப்பார்கள். 65 முதல் 70 டிகிரியில் விரிந்து மடல்களைத் திறந்துவிடும் சின்ன உறுப்பு அது. அது இல்லாவிட்டால் என்ஜின் சூடேற நெடுநேரம் ஆகும், அதுவரை ஆயிலில் நீர் கலந்து உள்ளே தேய்மானம் கூடும். தேடிப் பிடித்துத் திரும்பப் பொருத்துவது பயனுள்ள செலவு.

ஃபேன் பெல்ட் அறுந்தால் டைனமோவும் விசிறியும் சேர்ந்தே நின்றுவிடும். எனவே டாஷ்போர்டில் சிவப்பு சார்ஜ் விளக்கு எரிந்தால் பேட்டரிதானே என்று ஓட்டாதீர்கள். அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும் வேண்டாம், அந்த இடத்திலேயே ஓரம் கட்டி அணையுங்கள். பெல்ட்டின் இறுக்கம், கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் சுமார் 15 மிமீ உள்ளே போக வேண்டும். இறுக்குவதற்கு டைனமோ புல்லியின் பள்ளத்தில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நிறுத்தி, 21 மிமீ நட்டைக் கழற்றி, இரண்டு பாதிகளுக்கு நடுவே உள்ள வாஷர்களில் ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்த வாஷரைத் தூக்கிப் போடாமல் வெளிப்பக்கம் நட்டுக்கு அடியில் வையுங்கள். புதுப் பெல்ட் போடும்போது அது மறுபடி உள்ளே போக வேண்டியிருக்கும்.

டாப்பெட்

இந்த என்ஜினின் ஆயுளைத் தீர்மானிக்கும் வேலை டாப்பெட் சரிசெய்வது, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சரியாக வைப்பது. அரை மணி நேரமும் ஒரு ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) போதும். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, ஆயில் மாற்றும் அன்றே செய்துவிடலாம். என்ஜின் இரவு முழுவதும் ஆறியிருக்க வேண்டும். கையை வைத்தால் சுடவில்லை என்பது போதாது.

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றுங்கள். விளிம்பில் ஒரு சின்னக் கீறல் தெரியும், அது முதல் சிலிண்டரின் குறி. கிராங்க் புல்லியைச் சுற்றி, டிடிசி குறியை (பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டுவது) என்ஜின் கேஸின் இரண்டு பாதிகளும் சேரும் கோட்டுக்கு நேராக நிறுத்துங்கள்; ரோட்டார் அந்தக் கீறலைப் பார்த்திருக்க வேண்டும். எதிர்ப்புறம் திரும்பி நின்றால் இன்னும் ஒரு முழுச் சுற்று. முதல் சிலிண்டர் வலப்பக்கம் முன்னால், இரண்டாவது அதற்குப் பின்னால். இடப்பக்கம் முன்னால் மூன்று, பின்னால் நான்கு. முன் என்பது வண்டியின் முன்பக்கம். மூடியைப் பிடித்திருக்கும் கம்பியைக் கீழே தட்டி வால்வு கவரை எடுங்கள். கொஞ்சம் ஆயில் வழியும், தட்டு வையுங்கள். 13 மிமீ ரிங் ஸ்பேனரால் லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைத் திருகி, 0.15 மிமீ தகடு லேசான இழுப்போடு நழுவும்படி வைத்து, ஸ்க்ரூ அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். இறுக்கியபின் மறுபடி அளக்க வேண்டும், ஏனென்றால் நட் ஸ்க்ரூவையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் அதே 0.15. பிறகு புல்லியை அரைச் சுற்று வலஞ்சுழியாகத் திருப்பினால் நான்காவது, இன்னொரு அரைச் சுற்றில் மூன்றாவது, அடுத்ததில் இரண்டாவது. தீப்பொறி வரிசையே 1-4-3-2 என்பதால் அது தானாக வரும். கார்க் கேஸ்கெட்டை கவரில் மட்டும் ஒட்டுங்கள். ஹெட் பக்கம் பசை வேண்டாம்.

இடைவெளியைச் சரிசெய்வதைவிட, சரிசெய்வதற்கு முன் எவ்வளவு இருந்தது என்று எழுதி வைப்பது முக்கியம். ராக்கர் தேய்ந்தால் இடைவெளி கூடும், கொஞ்சம் சத்தம் வரும், அவ்வளவுதான். குறைந்துகொண்டே போனால்தான் கவலைப்பட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே எக்ஸாஸ்ட் வால்வு இறுகியிருக்கிறது என்றால், வால்வின் தண்டு சூட்டில் நீள்கிறது அல்லது அதன் இருக்கை ஹெட்டுக்குள் இறங்குகிறது. பெரும்பாலும் அது மூன்றாவது சிலிண்டராக இருக்கும், பழைய அமைப்பில் ஆயில் கூலர் அதற்கு வரும் காற்றை மறிப்பதால். 1970 ஆகஸ்டுக்குப் பிந்தைய கூண்டில் கூலருக்கு என்று தனி அறை கொடுத்து இதைச் சரிசெய்தார்கள். அப்படி இறுகும் வால்வைத் தளர்த்தித் தளர்த்தி ஓட்டினால் ஒருநாள் அதன் தலை முறிந்து பிஸ்டன் மேல் விழும். இரண்டு முறை தொடர்ந்து இறுகினாலே ஹெட்டைக் கழற்றிவிடுங்கள்.

வாங்கும் முன் செய்ய வேண்டிய இன்னொரு சோதனை: என்ஜினை அணைத்துவிட்டு கிராங்க் புல்லியை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். கிராங்கின் நீளவாக்கு ஆட்டம் 0.07 முதல் 0.13 மிமீ வரை இருக்கலாம், 0.15 எல்லை. கைக்கு 'டக் டக்' என்று தெளிவாகத் தெரிந்தால் மக்னீசியம் கேஸின் பேரிங் இருக்கையே தேய்ந்திருக்கலாம், என்ஜினை முழுதாகப் பிரிக்க வேண்டிவரும். விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.

ஆயில் 2.5 லிட்டர். இந்த என்ஜினில் ஃபில்ட்டர் கிடையாது, அடியில் ஒரு சல்லடைதான். அதனால்தான் 5,000 கிமீக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது. சல்லடைத் தட்டைப் பிடிக்கும் ஆறு சின்ன நட்டுகளை 7 நியூட்டன்-மீட்டருக்கு மேல் இறுக்காதீர்கள். மக்னீசியத்தில் ஸ்டட் கையோடு வந்துவிடும். வெயில் காலத்துக்கு 20டபிள்யூ-50, பழைய என்ஜின்களுக்கென்று துத்தநாகச் சேர்க்கையோடு வரும் வகையாக வாங்குங்கள். நவீன கார் ஆயிலில் அது குறைவு. அதனால் கேம்ஷாஃப்டும் டாப்பெட்டும் உரசும் முகம் சீக்கிரம் தேயும். பிளக் என்.ஜி.கே. பி5எச்எஸ், இடைவெளி 0.6 முதல் 0.7 மிமீ. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பாயிண்டின் இடைவெளி 0.4 மிமீ. டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், டிஸ்ட்ரிபியூட்டருக்கு டிஸ்ட்ரிபியூட்டர் மாறும். ஆகவே ஐடிலில் உள்ள குறியைமட்டும் நம்பாமல் 3,500 ஆர்பிஎம்மில் முழு அட்வான்ஸ் (தீப்பொறி முந்தி விழும் அளவு) 28க்கும் 32 டிகிரிக்கும் நடுவே நிற்கிறதா என்று டைமிங் லைட்டால் பாருங்கள்.

பெட்ரோல் குழாயும் தீயும்

இந்த வகை வண்டிகளை ஒரேயடியாக அழிப்பது தீதான். காரணமும் பெரும்பாலும் கையளவு ரப்பர் குழாய். பெட்ரோல் பம்பும் கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒரு துளி கசிந்தாலும் தீப்பொறி கைக்கெட்டும் தூரத்தில். மேலே நூல் பின்னல் போட்ட பழைய குழாய் உள்ளே வெடித்திருப்பது வெளியே தெரியாது. தொட்டு வளைத்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல், வாங்கிய முதல் வாரத்திலேயே எல்லாக் குழாயையும் மாற்றிவிடுங்கள், பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை வேகமாகக் கெடுக்கும். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரணப் பெட்ரோலே 10 சதவீத எத்தனால் கலந்ததுதான். சூப்பர் வகையை நிரப்புங்கள், குழாயும் எத்தனாலைத் தாங்கும் ரகமாக இருக்கட்டும். என்ஜின் கீழே இறங்கும் நாளை விடாதீர்கள்: டேங்கின் மேல்பக்கக் காற்றோட்டக் குழாய்களையும் நிரப்பும் கழுத்தின் ரப்பரையும் மாற்ற அப்போதுதான் வசதியாக எட்டும்.

மூன்று இடங்களைக் கிட்டே போய்ப் பாருங்கள். ஒன்று, கார்புரேட்டரின் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழல். கார்புரேட்டர் உடம்பில் வெறும் இறுக்கத்தில் நிற்பது, ஆண்டுகள் போகப் போகத் தளர்ந்து ஓடும்போதே கழன்றுவிடும். பிடித்துத் திருகினால் அசைந்தாலே அதை எடுத்துவிட்டு மரை வெட்டி, திருகுக் குழல் போடுங்கள். இரண்டு, பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே தொங்கும் பிளாஸ்டிக் ஃபில்ட்டர். அது ஆடி ஆடித்தான் அந்தப் பித்தளைக் குழலைத் தளர்த்துகிறது. அதை என்ஜின் அறையிலிருந்து எடுத்து, டேங்கிலிருந்து குழாய் வெளியே வரும் இடத்தில் வையுங்கள். மூன்று, முன்பக்கத் தகரத்தைத் துளைத்து உள்ளே வரும் இரும்புக் குழாயைச் சுற்றிய சின்ன ரப்பர் வளையம். அது விழுந்துபோனால் தகர விளிம்பு குழாயை அறுத்துக்கொண்டே இருக்கும்.

என்ஜின் கேஸ் மக்னீசியக் கலவை. அது பற்றிக்கொண்ட பிறகு தண்ணீர் ஊற்றினால் தீ இன்னும் சீறும். அதற்கு முன்பே, பெட்ரோல் எரியும் முதல் நிமிடத்தில் அணைத்தால்தான் வண்டி மிஞ்சும். சூடு பட்டதும் தானாக வெடித்து வாயுவைப் பரப்பும் தீயணைப்பு அமைப்பு என்ஜின் அறைக்கென்றே விற்கிறார்கள். எந்த அலங்காரச் சாமானுக்கும் முன்னால் அதை வாங்குங்கள்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ஹீட்டர். சைலன்சருக்குப் போகும் புகைக் குழாயைச் சுற்றியுள்ள பெட்டியில் சூடாகும் காற்றுதான் கேபினுக்குள் வருகிறது. உள்குழாயில் ஓட்டை விழுந்தால் புகையும் சேர்ந்து வரும். ஹீட்டரைத் திறந்ததும் புகை வாடை வந்தால் உடனே மூடி, அந்தப் பெட்டிகளை மாற்றும்வரை ஜன்னலைத் திறந்து ஓட்டுங்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாடையே கிடையாது என்பதால் படுக்கை உயரத்தில் ஒரு அலாரம் கட்டாயம்.

மற்ற இயந்திர பாகங்கள்

கியர்பாக்ஸ் முரட்டு உழைப்பாளி. ஆயில் 3.5 லிட்டர், ஜிஎல்-4 80டபிள்யூ-90. ஜிஎல்-5 ஊற்றாதீர்கள், அதன் சேர்க்கைகள் பித்தளை சின்க்ரோ வளையத்தை அரிக்கக்கூடும். 17 மிமீ ஆலன் சாவியால் முதலில் நிரப்பும் பிளக்கைத் திறந்து பாருங்கள். அது திறக்காமல், வடிகால் பிளக்கை மட்டும் திறந்து எல்லாவற்றையும் வடித்துவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். கியர் லீவர் கஞ்சிக்குள் துழாவுவது போல இருந்தால் பெரும்பாலும் கோளாறு கியர்பாக்ஸில் இல்லை; முன்னிருந்து பின்வரை போகும் கம்பியின் பிளாஸ்டிக் புஷ் தேய்ந்திருக்கும், அது சில்லறைக் காசு. கிளட்ச் பெடலில் 10 முதல் 20 மிமீ வரை காலி ஆட்டம் வேண்டும்.

பிரேக் விஷயத்தில் 1970 ஆகஸ்டுக்குப் பிந்தைய வண்டியையே தேடுங்கள். அதிலிருந்துதான் முன்சக்கரத்துக்கு டிஸ்க். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் காலிப்பரை மாற்றும் முன் ரப்பர் ஹோஸைச் சந்தேகியுங்கள். உள்ளே வீங்கி, மிதித்த அழுத்தத்தைத் திரும்ப விடாமல் பிடித்துக்கொள்ளும். ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் கையைச் சுடும். ஆயில் டாட் 4, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. பின் டிரம்மில் சக்கரத்துக்கு இரண்டு நட்சத்திரத் திருகு. பெடலை ஒருமுறை பலமாக மிதித்து ஷூவை நடுவில் உட்காரவைத்த பிறகுதான் அவற்றைத் திருக வேண்டும்.

முன் அச்சில் நான்கு கிரீஸ் நிப்பிள், ஸ்டீயரிங் நடுக் கையில் ஒன்று. ஐந்தாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். சக்கரம் தரையைவிட்டு எழும்பியிருக்கும்போது அடித்தால்தான் கிரீஸ் உள்ளே போகும். டயர் 185 ஆர்14 சி, கடைசி எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். சாதாரண கார் டயரின் பக்கச்சுவர் இந்த எடையைத் தாங்காது, வளைவில் வண்டி மிதக்கும்.

சூடான என்ஜின் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் மோட்டாரை மாற்றிக் காசை விடாதீர்கள். சாவியிலிருந்து சாலினாய்டு வரை ஒயர் வண்டியின் முழு நீளம் போய்வருவதால் வோல்டேஜ் விழுகிறது. பின்னால் ஒரு ரிலே வைத்தால் தீரும். கியர்பாக்ஸுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டையையும் சுத்தம் செய்யுங்கள். அது கெட்டால் செல்ஃப் மின்சாரம் கிளட்ச் கேபிள் வழியாக ஓடி அதைச் சுட்டுவிடும்.

படுக்கையும் அடுப்பும்

வசிக்கும் பகுதிக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். நாலரை மீட்டர் நீள வண்டிக்குள் படுக்கை, அடுப்பு, தொட்டி, அலமாரி எல்லாம் கச்சிதமாக அடங்கும். வெஸ்ட்ஃபாலியாவில் 1973 வரையிலான கூரை முன்பக்கம் கீல் வைத்தது, 1974 முதல் பின்பக்கம். கூரையின் கூடாரத் துணி பருத்தி. சோப்புப் போட்டால் நீர் ஒட்டாத தன்மை போய்விடும், வெறும் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். ஈரத்தோடு மடக்கினால் ஒரே வாரத்தில் பூஞ்சை. மழையில் மூடவேண்டி வந்தால் வீட்டுக்கு வந்ததும் திறந்து காயவையுங்கள்.

கேஸ் அடுப்பில் ஹோஸிலும் ரெகுலேட்டரிலும் தயாரித்த ஆண்டு அச்சாகியிருக்கும். அச்சு அழிந்திருந்தாலே மாற்ற வேண்டிய வயது வந்துவிட்டது. அடுப்பின் தகட்டில் எழுதிய அழுத்தத்தையும் ரெகுலேட்டரின் அழுத்தத்தையும் ஒப்பிட்டு வாங்குங்கள். சிலிண்டர் பெட்டியின் அடித்துளையைத் தரைவிரிப்பு மூடியிருக்கும் வண்டிகள் நிறைய. கேஸ் காற்றைவிடக் கனமானது, அந்தத் துளை வழியாகத்தான் அது வெளியேற வேண்டும்.

பிரிட்டனில் 40 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குச் சாலை வரியும் ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. ஜெர்மனியில் 30 ஆண்டு ஆனால் பழமையான வண்டிகளுக்கான எச் எண் பலகைக்கு விண்ணப்பிக்கலாம், சோதனை தொடரும். பிரிட்டனில் விலக்கு இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை கராஜில் லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். தரையில் படுத்துப் பார்த்தால் சில்லின் மறுபக்கம் தெரியாது.

வண்டியிலேயே இருக்க வேண்டியவை: ஃபேன் பெல்ட், 21 மிமீ ஸ்பேனர், ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், பாயிண்டும் கண்டென்சரும், ஒரு மீட்டர் பெட்ரோல் குழாய், நான்கு கிளிப், ஒரு லிட்டர் ஆயில், ஃப்யூஸ். கையில் பிடிக்கும் தீயணைப்பானைப் பின்பக்கம் வைக்காதீர்கள், தீ பிடிப்பதே அங்கேதான். முன் இருக்கைக்கும் சறுக்குக் கதவுக்கும் நடுவே, வெளியே நின்றபடி கையை நீட்டினால் எட்டும் இடத்தில் மாட்டுங்கள்.